டைரிக்கும் ஜர்னலுக்கும் என்ன வித்தியாசம்?

என்னிடம் பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. நீல அட்டை போட்டது, பாதிக்கு மேல் காலி. அதில் ஒரு பக்கம் இப்படித் தொடங்குகிறது: "இனி அவனோடு பேசுவதாக இல்லை. இந்த முறை முடிவு பண்ணிவிட்டேன்." அங்கிருந்து இரண்டரைப் பக்கத்துக்கு ஒரே ஆவேசம். நம்பிக்கை, துரோகம், மனித இயல்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த 'அவன்' யார் என்பதை மட்டும் எழுத மறந்திருக்கிறேன். தேதியும் கிடையாது. இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே தெரியவில்லை. யார் யாரோடு பேசாமல் இருந்திருக்கிறேன் என்று விரல் விட்டு எண்ணினால் நாலு பேர் தேறுகிறார்கள். அதில் இரண்டு பேரோடு போன வாரம்கூடப் பேசினேன்.

அதே அலமாரியில் இன்னொன்றும் இருக்கிறது, தேதி அச்சிட்ட டைரி. அதில் பக்கம் தவறாமல் எழுதியிருக்கிறேன். எழுந்த நேரம், போன இடம், பார்த்த ஆள், கொடுத்த பணம். நடுவில் ஒரு நாளின் குறிப்பு: "மாலை மழை. வேலை சீக்கிரம் முடிந்தது. 9.30-க்குப் படுத்தேன்." அந்த நாளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து வருடம் பார்த்த வேலையை விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவெடுத்த நாள் அது. மழை பெய்தது பக்கத்தில் ஏறியிருக்கிறது. முடிவு ஏறவில்லை.

முதல் நோட்டைத்தான் இப்போது ஜர்னல் என்கிறார்கள். இரண்டாவது டைரி. இரண்டும் ஒன்றுதானே, புதுப் பேர் வைத்து விற்கிறார்கள் என்று நானும் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான். டைரி கேட்கும் கேள்வி, "இன்றைக்கு என்ன நடந்தது?" ஜர்னல் கேட்பது, "இதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன்?" டைரியில் நாள் முதலில் வருகிறது. எழுத விஷயம் இருக்கிறதோ இல்லையோ, இன்றைய பக்கம் திறந்து காத்திருக்கும். ஜர்னலில் விஷயம் முதலில் வரும், நாள் அதன் பின்னால் வரும். மனதை ஏதாவது அரித்தால் ஒரே நாளில் மூன்று முறை எழுதலாம், இல்லையென்றால் மூன்று வாரம் தொடாமலும் இருக்கலாம். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

சொல்லைத் தோண்டினால்

அகராதியைப் புரட்டி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று போனால் குழப்பம்தான் கூடும். இரண்டு சொல்லுமே 'நாள்' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. லத்தீனில் 'டியஸ்' என்றால் நாள். அதிலிருந்து வந்த 'டியாரியம்' முதலில் ஒரு நாளைக்கான படியைக் குறித்தது, பிறகு அன்றாடக் குறிப்புக்குப் பெயரானது. பிரெஞ்சில் நாளைக் குறிக்கும் 'ஜூர்' என்ற சொல்லின் உறவுக்காரன் 'ஜர்னல்'. அதற்கும் பூர்வீகம் அதே லத்தீன்தான். ஆக, பிறப்பால் இரண்டும் நாளேடுகள். இடையில் பிழைப்பு தேடி வெவ்வேறு பக்கம் போய்விட்டன.

தமிழில் டைரிக்கு நாட்குறிப்பு என்ற நல்ல சொல் நிலைத்துவிட்டது. ஜர்னலுக்கு அப்படி எதுவும் ஒட்டவில்லை. காரணம், ஏற்கெனவே வேறு சில வேலைகளில் அந்தச் சொல் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரும் ஆய்விதழும் ஜர்னல். கணக்குப் பதிவியலில் பேரேட்டுக்கு முன்னால் எழுதும் குறிப்பேடும் ஜர்னல்.

கணக்குப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வேடிக்கை தட்டுப்படும். கணக்கில் குறிப்பேடு என்பது அன்றன்றைக்கு நடந்த கொடுக்கல் வாங்கலைத் தேதி வரிசையில் போட்டுக்கொண்டே போவது. பிறகு அவற்றைப் பிரித்து, அந்தந்தக் கணக்கின் தலைப்பில் சேர்ப்பது பேரேடு. அப்படிப் பார்த்தால் கணக்குப் பிள்ளையின் ஜர்னல்தான் நம்முடைய டைரி. நாம் ஜர்னல் என்று சொல்வது பேரேட்டுக்குப் பக்கத்தில் வருகிறது: பத்து நாளாகச் சிதறிக் கிடந்ததை ஒரு தலைப்பின் கீழே கூட்டி, மீதி என்ன நிற்கிறது என்று பார்ப்பது. எனக்கு இந்த வித்தியாசம் மண்டையில் ஏறியது இந்த உவமையால்தான்.

ஒரே நாள், இரண்டு பக்கம்

ஒரே ஆள் ஒரே நாளைப் பற்றி இரண்டு விதமாக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். டைரியில் இப்படி இருக்கும்:

"மார்ச் 12, செவ்வாய். காலை 7.10-க்கு அண்ணனிடமிருந்து போன். பழைய வீட்டை விற்பது பற்றி. இருபது நிமிடம் பேசினோம். முடிவு எதுவும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் வைத்துப் பேசலாம் என்றார். மதியம் தலைவலி. இரவு 10-க்குப் படுத்தேன். தூக்கம் வர 12 ஆனது."

ஜர்னலில் இப்படி:

"வீட்டை விற்றுவிடலாமா என்று அண்ணன் கேட்டதும் சுருக்கென்றது. ஏன் என்று நாள் முழுக்க யோசித்துவிட்டேன். அந்த வீட்டில் நான் இருந்தே பல வருடம் ஆகிறது. திரும்பப் போய் இருக்கப் போவதும் இல்லை. பிறகு எதற்கு வலிக்கிறது? 'நீ என்ன சொல்றே' என்று அவர் ஆரம்பிக்கவில்லை. 'பார்ட்டி ரெடியா இருக்கு' என்றுதான் ஆரம்பித்தார். எனக்குப் பிரச்சினை வீடு இல்லை போலிருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக எனக்குச் சொல்வது என்பது சின்ன வயதிலிருந்தே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விலையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. இதைத்தான் சொல்ல வேண்டும்."

இரண்டையும் இன்னொரு முறை பாருங்கள். டைரியின் வினைச்சொற்கள் எங்கே முடிகின்றன? பேசினோம், என்றார், படுத்தேன், ஆனது. எல்லாம் முடிந்துபோன காலம். நடந்தது நடந்தாகிவிட்டது, அதைப் பதிவு செய்கிறோம். ஜர்னல் பக்கத்தில் 'ஏன்', 'எதற்கு' என்று கேள்விகள் வருகின்றன. 'போலிருக்கிறது' என்ற தயக்கம் வருகிறது. 'வேண்டும்', 'கூடாது' என்று நாளைக்கான பேச்சு வருகிறது. நீங்கள் எழுதியது எந்த ரகம் என்று சந்தேகம் வந்தால், வாக்கியங்களின் வாலைப் பாருங்கள். வேறு சோதனை வேண்டாம்.

அந்த 'போலிருக்கிறது' வருகிற வரியில் ஒரு நிமிடம் நிற்கலாம். பேனாவை எடுக்கும்போது அந்த ஆளுக்கு அது தெரியாது. வீடு விற்பதால் வருத்தம் என்றுதான் எழுத ஆரம்பிக்கிறார். பாதி வழியில், அண்ணன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிப் பார்க்கும்போது வேறொன்று வெளியே வருகிறது. நல்ல ஜர்னல் பக்கம் தொடங்கிய இடத்தில் முடிவதில்லை.

அதற்காக டைரிப் பக்கத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஜர்னலில் இல்லாத இரண்டு விஷயம் அதில் இருக்கிறது: மதியம் தலைவலி, இரவு தூக்கமின்மை. எழுதியவர் அவற்றைக் காலை வந்த போனோடு சேர்த்துப் பார்க்கவில்லை. எழுதி மட்டும் வைத்தார். ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது, வீட்டுப் பேச்சு வந்த நாளெல்லாம் தலைவலியும் வந்திருப்பது கண்ணில் படலாம், படாமலும் போகலாம். ஒற்றைப் பக்கத்தில் தெரியாத ஒழுங்கு, பக்கங்கள் சேரும்போது தெரியும். மருத்துவர்கள் சிலரிடம் "தலைவலி வரும் நாள், நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்வது இதற்காகத்தான். தூக்கம் வராதவர்களிடம் ஒன்றிரண்டு வாரத்துக்குத் தூக்க டைரி எழுதச் சொல்வார்கள். தலைவலியைப் பற்றி உங்கள் தத்துவம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

எழுதி வைத்தவர்கள்

டைரிக்கு ராஜா என்று உலகம் கொண்டாடும் ஆள் சாமுவேல் பீப்ஸ். லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். 1660 ஜனவரி 1-ல் ஆரம்பித்து 1669 மே 31 வரை எழுதினார். மொத்தம் பத்து லட்சம் சொற்களுக்கு மேல். 1666-ல் லண்டன் மாநகரம் தீப்பற்றி எரிந்தபோது தோட்டத்தில் குழி வெட்டி, ஒயினையும் பார்மேசான் பாலாடைக்கட்டியையும் புதைத்து வைத்ததை எழுதியிருக்கிறார். ஊர் எரிகிறது, மனிதர் பாலாடைக்கட்டியைக் காப்பாற்றுகிறார்! தீ எத்தனை வீட்டை எரித்தது என்று வரலாற்று நூல்கள் சொல்லிவிடும். அந்தக் குழியை டைரிதான் சொல்ல முடியும்.

தமிழில் இந்த வகைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736-ல் தொடங்கி 1761-ல் இறக்கும் காலம் வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி என்று அன்றாடம் பதிந்து வைத்த அந்தக் குறிப்புகள் இல்லாமல் அந்தக் காலத்து அரசியலை எழுத வரலாற்றாசிரியர்கள் திணறிப்போவார்கள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று அன்றைக்கே வடிகட்டாமல் எழுதியதுதான் அதன் பலம்.

வடிகட்டாமல் எழுதுவதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1789 ஜூலை 14. பாரிஸில் மக்கள் பாஸ்டில் கோட்டைச் சிறையைத் தகர்த்த நாள். அன்றைக்குப் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி தன் டைரியில் எழுதியது ஒரே ஒரு சொல்: "ஒன்றுமில்லை." இதைச் சொல்லி மன்னரைக் கேலி செய்வது வழக்கம். ஆனால் அவருடைய டைரி பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. அன்றைக்கு வேட்டையில் எதுவும் சிக்கவில்லை, அவ்வளவுதான். டைரியில் எதை எழுதுவது என்று முன்கூட்டியே கட்டம் போட்டுவிட்டால், கட்டத்துக்கு வெளியே ராஜ்யமே கவிழ்ந்தாலும் பதிவாகாது. என் "மாலை மழை" பக்கம் நினைவுக்கு வருகிறதா? எனக்கும் மன்னருக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

ஜர்னல் பக்கம் வந்தால் ரோமப் பேரரசர் மார்கஸ் அவ்ரேலியஸ் இருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில், படையெடுப்புகளுக்கு நடுவே, கிரேக்க மொழியில் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. தேதியிட்ட நிகழ்ச்சி விவரம் கிடையாது. போரில் யார் ஜெயித்தார் என்றுகூட அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. காலையில் எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும்போது தனக்கு என்ன சொல்லிக்கொள்வது, எரிச்சல் மூட்டும் மனிதர்களை எப்படிச் சகிப்பது, இவைதான் பேச்சு. பேரரசருக்கும் படுக்கையை விட்டு எழுவது கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1837-ல் தொடங்கி 1861 வரை ஜர்னல் எழுதினார். அவருடைய நண்பரான எழுத்தாளர் எமர்சன் அவரிடம் 'ஜர்னல் எழுதுகிறாயா' என்று கேட்டதுதான் ஆரம்பம் என்பார்கள், முதல் நாள் பக்கத்திலேயே அந்தக் கேள்வி பதிவாகியிருக்கிறது. சுமார் இருபது லட்சம் சொற்கள். அதிலிருந்து எடுத்துச் செதுக்கித்தான் சொற்பொழிவுகளையும் புத்தகங்களையும் உருவாக்கினார். ஜர்னல் அவருக்குப் பட்டறை.

இந்த இரண்டு வேலையையும் பிரித்துச் செய்தவர் சார்ல்ஸ் டார்வின். உயிரினங்கள் பற்றிய யோசனைகளுக்குத் தனித்தனி நோட்டுகள். எந்த மாதம் எந்த வேலை செய்தேன், எப்போது உடம்பு சரியில்லை என்ற தேதிக் கணக்குக்கு வேறொரு சின்னப் புத்தகம். 1838-ல் ஒரு தாளை எடுத்துக் கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று இரண்டு பத்தியாகப் பிரித்து நல்லது கெட்டது எழுதிப் பார்த்தார். செய்துகொள்வது என்று முடிவானது, 1839 ஜனவரியில் எம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தத் தாளில் 'நடந்தது' என்று எதுவுமே இல்லை, முழுக்க யோசனை. ஜர்னல் எழுதுவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் உதாரணம் அந்தத் தாள்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தேதிக் கணக்குப் புத்தகத்துக்குத்தான் டார்வின் 'ஜர்னல்' என்று பேர் வைத்திருந்தார். பீப்ஸும் தான் எழுதுவதை ஜர்னல் என்றே சொன்னார், உலகம்தான் அதை டைரி ஆக்கியது. ஆகவே பேரைப் பிடித்துக்கொண்டு யாரோடும் வாதாட வேண்டாம்.

நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் பிராங்க் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். 1942 ஜூன் 12, பதிமூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் எழுத ஆரம்பித்தாள். அதற்கு அடுத்த மாதமே குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்துவாழப் போனது. ஒவ்வொரு பதிவிலும் தேதி இருக்கிறது, ஒளிவிடத்தின் அன்றாடம் இருக்கிறது. அதோடு, தன்னைப் பற்றியும் அம்மாவோடு உள்ள சிக்கலைப் பற்றியும் இடைவிடாத விசாரணையும் இருக்கிறது. கிட்டி என்ற கற்பனைத் தோழிக்கு எழுதியது அதற்கு உதவியிருக்க வேண்டும், எதிரில் ஒரு ஆள் இருப்பதாக நினைத்தால் விளக்கிச் சொல்லத் தோன்றுமல்லவா? 1944 மார்ச்சில், இதுபோன்ற டைரிகளையும் கடிதங்களையும் போருக்குப் பின் சேகரிக்க வேண்டும் என்று டச்சு அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசியதைக் கேட்டு, தான் எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதவும் ஆரம்பித்தாள். கடைசிப் பதிவு 1944 ஆகஸ்ட் 1.

எழுதுவதால் என்ன ஆகிறது

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு அப்படியே பொருந்துகிறது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலருக்குச் சாதாரண விஷயம். மற்றவர்களுக்கு வாழ்க்கையில் நடந்த துயரம். அவர்களிலும் ஒரு பிரிவு நடந்ததை மட்டும், ஒரு பிரிவு உணர்ச்சிகளை மட்டும், மூன்றாவது பிரிவு இரண்டையும் சேர்த்து. அடுத்த சில மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது மூன்றாவது பிரிவுக்குத்தான். நம் பாஷையில் சொன்னால், டைரியும் ஜர்னலும் ஒரே பக்கத்தில் கலந்தவர்களுக்கு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துயரத்தை எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு லேசாகிவிடவில்லை. அந்த நேரத்தில் மனம் இன்னும் கனத்துத்தான் போனது. பலன் தெரிந்தது பிறகுதான். அதற்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் வந்துவிட்டன. மொத்தமாகப் பார்க்கையில் பலன் உண்டு, ஆனால் சராசரியாகச் சிறியது. 'ஜர்னல் எழுதினேன், வாழ்க்கை தலைகீழாக மாறிவிட்டது' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள்.

பென்னிபேக்கர் பிறகு அந்த எழுத்துகளின் சொற்களை எண்ணிப் பார்த்தார். நாள் போகப் போக 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் கூடிக்கொண்டே வந்தவர்களுக்குத்தான் அதிக நன்மை. ஒரே புண்ணை ஒரே வார்த்தையில் தினமும் கிளறியவர்களுக்கு அவ்வளவு இல்லை. என் நீல நோட்டில் 'அவன்' மீதான ஆவேசம் இன்னும் மூன்று இடத்தில் வருகிறது, கிட்டத்தட்ட அதே வரிகளில். அதனால் எனக்கு நான்கு ராத்திரி தூக்கம் கெட்டது தவிர வேறு எதுவும் ஆகவில்லை. மூன்றாம் முறையும் அதே வாக்கியம் வருகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு யாராவது மனிதரிடம் பேசுவது நல்லது. துயரம் ஆழமாக இருந்தால் மனநல ஆலோசகரிடம்.

தூக்கம் என்றதும் ஒரு கிளைச்செய்தி. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து 2018-ல் ஒரு ஆய்வு வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பாதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மறுபாதி இனிச் செய்ய வேண்டியவற்றை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். இரவில் டைரி எழுதும் பழக்கம் உள்ளவர்கள் கடைசியில் நாளைய வேலை இரண்டு வரி சேர்த்துக்கொண்டால் நஷ்டமில்லை.

எதில் தொடங்குவது

என் கருத்து: டைரியில். ஜர்னல்தான் ஆழமானது, அதனால் அதில் தொடங்குவோம் என்று வெற்றுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு 'என் மனதில் என்ன இருக்கிறது' என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வராது. இல்லாவிட்டால் புத்தகத்தில் படித்த மாதிரி வரும், அது இன்னும் மோசம். என்ன நடந்தது என்று கேட்டால் யாருக்கும் நாலு வரி வரும். காலையில் பஸ் தாமதம். மேலாளர் இன்றைக்குச் சிரிக்கவில்லை. மாலையில் பழைய நண்பன் போன் பண்ணினான்.

நாலு வரி எழுதிய பிறகு, அதில் எந்த வரி கொஞ்சம் உறுத்துகிறது என்று பாருங்கள். மேலாளர் சிரிக்காத வரியா? அதன் கீழே 'அதனால் என்ன?' என்று ஒரு கேள்வி போடுங்கள். பதில் எழுத ஆரம்பித்த அந்த இடத்தில் டைரி ஜர்னலாகிவிட்டது. எதுவும் உறுத்தவில்லை என்றால் நாலு வரியோடு மூடிவிடலாம். அன்றைக்கு அவ்வளவுதான். தினமும் உறுத்தல் தேடிப் போக வேண்டியதில்லை.

நாள் விட்டுப்போவது பற்றிப் பலருக்குக் குற்ற உணர்ச்சி. தேதி அச்சிட்ட டைரிதான் இதைக் கிளப்பிவிடுகிறது, காலிப் பக்கம் பல்லை இளிக்கும். வெற்று நோட்டு வாங்கித் தேதியை நீங்களே போட்டுக்கொண்டால் பத்து நாள் இடைவெளிகூட அடுத்த வரியில் மறைந்துவிடும். விட்ட நாட்களை உட்கார்ந்து நிரப்பாதீர்கள். ஞாபகத்திலிருந்து நிரப்பிய டைரி பொய் சொல்லும், அதுவும் நமக்குச் சாதகமாகவே சொல்லும்.

ஜர்னலில் எத்தனையோ தினுசு இருக்கின்றன: நன்றி ஜர்னல், கனவு ஜர்னல், வாசிப்பு ஜர்னல், புள்ளிக் குறிகளால் வேலைகளையும் நிகழ்ச்சிகளையும் குறிக்கும் புல்லட் ஜர்னல். கடைசியாகச் சொன்னது ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் 2013-ல் அறிமுகப்படுத்திய முறை. பேர் ஜர்னல் என்றாலும் அதில் முக்கால்வாசி டைரியும் வேலைப் பட்டியலும்தான். இந்த வகைகளில் எதை எடுப்பது என்று ஒரு மாதம் ஆராய்ச்சி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்ணப் பேனா எல்லாம் வாங்கிவிடுவார்கள், எழுத மாட்டார்கள்.

ஒரே ஒரு விதியை மட்டும் கறாராகச் சொல்வேன். ஜர்னலாக இருந்தாலும் மேலே தேதி போடுங்கள், ஆட்களைப் பேர் சொல்லி எழுதுங்கள். அடையாளம் தெரியக் கூடாது என்றால் உங்களுக்கு மறக்காத ஒரு சுருக்கெழுத்தாவது வையுங்கள். பக்க எண்ணும் போட்டுக் கடைசித் தாளில் சின்னதாகப் பொருளடக்கம் வைத்தால் இன்னும் நல்லது. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே தன் சோதனைக் குறிப்புகளில் பத்திக்குப் பத்தி எண் போட்டார். அது 16,000-ஐத் தாண்டிப் போனது. நமக்கு அவ்வளவு தேவைப்படாது, பக்க எண் போதும்.

போனில் எழுதுபவர்களுக்கு இந்தத் தேதிப் பிரச்சினையே இல்லை. செயலி தானாகவே நாள், நேரம், சில சமயம் இடம்கூடப் போட்டுவிடும். அதனால் போனில் எழுதும் ஜர்னல் எல்லாமே அதன் போக்கில் டைரியும் ஆகிவிடுகிறது. தேடும் வசதியும் உண்டு, 'தலைவலி' என்று தட்டினால் எல்லாத் தலைவலியும் வரிசையில் நிற்கும். எனக்கு என்னவோ நடந்ததைப் போனிலும், யோசிப்பதைக் காகிதத்திலும் எழுதத்தான் வருகிறது. கை மெதுவாக ஓடுவதால் இருக்கலாம். நடுவில் அறிவிப்பு மணி அடிக்காததாலும் இருக்கலாம். செயலியில் எழுதினால் மொத்தத்தையும் வெளியே எடுத்துச் சேமிக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். செயலிகள் மூடப்படும், காகிதம் அதுபாட்டுக்கு அலமாரியில் கிடக்கும்.

யாராவது படித்துவிட்டால்?

தொடங்க நினைப்பவர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. டைரியை யாராவது படித்தால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரியும். ஜர்னலைப் படித்தால் நீங்கள் அவர்களைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று தெரிந்துவிடும். இரண்டாவதுதான் வீட்டில் சண்டை மூட்டும். அதுவும், கோபத்தில் எழுதியது ஒரு ராத்திரியின் நினைப்பு. படிப்பவருக்கு அது உங்கள் நிரந்தரத் தீர்ப்பு மாதிரித் தெரியும்.

பீப்ஸ் இதற்காகச் சுருக்கெழுத்தில் எழுதினார். மிகவும் அந்தரங்கமான இடங்களில் ஸ்பானிஷ், பிரெஞ்சு என்று பல மொழிச் சொற்களைக் கலந்து குழப்பினார். அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, 1819-ல் தொடங்கி மூன்று வருடம் போல உட்கார்ந்து ஒருவர் அதை முழுக்கப் படித்து எடுத்தார். 1825-ல் அச்சிலும் வந்தது. பூட்டு எதுவுமே நிரந்தரமில்லை, ஆனால் நாம் இருக்கும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்பவர்களுக்கு அது நல்ல பூட்டு. போன் என்றால் செயலிக்குத் தனிக் கடவுச்சொல். காகிதம் என்றால் வீட்டில் இருப்பவர்களிடம் 'இது நான் எழுதும் நோட்டு, யாரும் தொடாதீர்கள்' என்று நேராகச் சொல்லிவிடுவது. ஒளித்து வைத்த நோட்டைவிட, சொல்லி வைத்த நோட்டை மனிதர்கள் மதிக்கிறார்கள் என்பது என் அனுபவம். எழுதித் தீர்த்துக்கொள்ள மட்டும் எழுதிய பக்கங்களைக் கிழித்தும் போடலாம். யோசிக்கும் வேலை எழுதும்போதே முடிந்துவிட்டது, தாள் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

நீல நோட்டின் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. போன மாதம் பழைய டைரியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நோட்டில் நாலு பக்கம் முன்னால் 'புது மேசை வந்தது' என்று ஒரு வரி இருந்தது. மேசை வாங்கிய தேதி டைரியில் கிடைத்தது, விலையோடு. அந்தத் தேதிக்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் மூன்று பேரின் பேர் வருகிறது. ஒருவர் பெண், இன்னொருவரை அதற்கு முன் எனக்குத் தெரியாது. மீதி ஒருவன். பென்சிலால் அவன் பேரைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை பேசும்போது அவனிடமே கேட்க வேண்டும்.